காலி டப்பா

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அம்மா கட்டித் தரும் டப்பாவைக் காலேஜில் நான் திறப்பதே இல்லை. தோழிகளோடு கேண்டீனில் வடாபாவ்தான். சாயங்காலம் டப்பா நிறைய சோற்றோடு தாராவிக்குத் திரும்பி வரும். அம்மா தினமும் ஏசுவாள்.

இன்று அந்த ஏச்சுக்குப் பயந்து, மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் எலுமிச்சம்பழச் சோற்றை ஒரு நாய்க்குக் கொட்டிவிட்டு வந்தேன்.

அம்மா மூடியைத் திறந்து பார்த்தாள். "பூராத்தையும் தின்னுட்டியாட்டீ?" முகமெல்லாம் சிரிப்பு.

ராத்திரி அப்பாவுக்கும் தம்பிக்கும் எனக்கும் சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்து, காலேஜில் ஊட்டச்சத்துப் பாடத்துக்குக் கொடுத்த படிவத்தை எடுத்தேன். வீட்டில் ஒரு பெண் நேற்று என்னென்ன சாப்பிட்டாள் என்று கேட்டு எழுத வேண்டும்.

"நேத்து ராத்திரி என்னம்மா சாப்பிட்ட?"

"ஒன் டப்பால கெடந்த சோறுதான். தெனமும் அதான. அதக் கணக்குப் பண்ணித்தான் நீ வாரதுக்கு முன்னாலயே ராத்திரிக்கு மூணு பேருக்கு மட்டும் வடிச்சிருதேன்."

பானையைப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்திருந்தாள்.

"அப்ப இன்னைக்கு?"

"பசிக்கல. நீ தின்னுட்டல்லா, அது போதும்."

படிவத்தை மூடிவிட்டேன். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்த அம்மா, நான் சாப்பிட்டேன் என்ற சந்தோஷத்திலேயே தூங்குகிறாள்.