திருத்தாத பாட்டு

14 நவம்பர், வெள்ளி

நான் வேலை செய்யும் ஜெர்மன் முதியோர் இல்லத்தில் இன்று என் பாட்டை வாசித்தேன். சொற்கள் ஜெர்மன்தான், அர்த்தம் ஒன்றும் கிடையாது. சத்தமாகப் படித்தால் ஓசை மட்டும் ஓர் ஆங்கிலக் குழந்தைப் பாட்டு போலக் கேட்கும். வாசிக்கும் முன், கூட வேலை செய்யும் வசந்தி அக்கா தாளைப் பார்த்துப் பதறினார்.

“ஒரு வசனமும் சரியில்லை. தாரும், திருத்தித் தாறன்.”

இருபது வருடமாக என் ஜெர்மனை யார் திருத்தினாலும் தலையாட்டியிருக்கிறேன். இன்று, “வேண்டாம் அக்கா, இது பிழையாத்தான் இருக்கவேணும்” என்றேன்.

வாசித்தபோது எல்லோரும் முழித்தார்கள். இங்கிலாந்தில் பிறந்த மார்கரெட் அம்மா மட்டும் பல்செட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இன்னொன்று வேண்டுமென்று மேசையைத் தட்டினார்.

மாலையில் பார்த்தால், தாள் அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்தது. அக்காவின் வேலை. என் பிழைகளில் ஒன்றைக்கூட அவர் தொடவில்லை.