கை எட்டும் உயரம்

என் வீட்டு அதிகாரியம்மாவுக்கு வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இந்த நாட்டின் மறுகோடியில் ஒரு சின்ன ஊருக்கு மாற்றலாகிப் போகிறாயா என்று கம்பெனியில் கேட்கிறார்கள். சம்பளம் குறைவு, ஆனால் இங்கே மாதிரி ஆறு பேருக்கு ஓர் அறை இல்லை, தனி வீடு.

போய்ப் பார்த்தேன். சமையலறையில் அலமாரி அடித்துக்கொண்டிருந்த நம்மூர்த் தச்சர், "வீட்டம்மாவுக்குக் கை எவ்வளவு உயரம் எட்டும்?" என்றார். என் தோளைத் தொட்டுக் காட்டினேன். "அது தலைங்க, நான் கையைக் கேட்டேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் அந்த உயரம் எனக்கு மறந்தே போயிருந்தது. உன்னைப் பார்த்து நாலு வருஷம் ஆகிவிட்டதே.

அந்த வீட்டுக்கு என்னோடு வந்து இருக்க மனசிருந்தால், சுவரோரம் நின்று கையைத் தூக்கி, விரல் நுனியிலிருந்து தரைவரை தையல் நூலால் அளந்து, அந்த நூலையே உறையில் வைத்து அனுப்பு. அது வந்த பிறகுதான் கம்பெனிக்குச் சரி சொல்வேன்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. எழுத நேரமில்லாவிட்டால் நூல் மட்டும் போதும்.