வார்டில் சொன்ன வாக்கு

ஈஜோக்,
4.3.2025

அன்புத் தங்கை கண்மணிக்கு,

அண்ணன் இருசப்பன் எழுதுவது. என் போனை நீ எடுப்பதில்லை, அதனால் கடிதம்.

எனக்குக் குடலில் புற்றுநோய். 19ஆம் தேதி ஆபரேஷன், ஆறு மணி நேரமாம். அப்பா அவர் ஆபரேஷனுக்குப் பிறகு உளறிய மாதிரி நானும் உளறுவேனோ என்று மயக்க மருந்து டாக்டரைக் கேட்டேன். நீண்ட ஆபரேஷனில் உடம்பு குளிர்ந்துபோனால் அப்படிக் குழம்பலாம், வேறு காரணங்களும் உண்டு என்றார். எனக்குச் சூடான காற்று ஊதும் போர்வை போடுவார்களாம், நரம்பில் ஏற்றும் தண்ணீரையும் சூடாக்குவார்களாம், கடைசிவரை உடம்புச் சூட்டை அளந்துகொண்டே இருப்பார்களாம்.

அப்பா அன்று வார்டில், "கண்மணி இனி என் வாசல மிதிக்கக்கூடாது" என்றதும் உளறல்தானோ? தோட்டத்து முனியாண்டி கோயிலில் அருள்வாக்குச் சொன்ன வாய் என்று எல்லாரும் நம்பிவிட்டோம்.

நான் கண்விழிக்கும்போது நீ பக்கத்தில் இருக்கவேண்டும் அம்மா.

இருசப்பன்

உலு யாம்,
9.3.2025

அண்ணனுக்கு,

உங்கள் நோயைக் கேட்டு வருத்தமாக இருக்கிறது. நல்லபடி முடியட்டும்.

அன்று அப்பா காலைத் தொட்டவள் நான்தான். ஐஸ் மாதிரி இருந்தது. இன்னொரு போர்வை கேளுங்கள் என்றேன். "சாமி வாக்கு வந்திருச்சு, கெளம்பு லா" என்று தோளைப் பிடித்து லிப்ட் வரை கொண்டுபோய் விட்டீர்கள். பதினொரு வருடமாகிறது. அப்பாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிய அன்றும் ரோட்டோரம்தான் நின்றேன்.

ஒன்று மட்டும் எழுதுங்கள். தெளிந்த பிறகு அப்பா என்னைக் கேட்டாரா?

கண்மணி

ஈஜோக்,
15.3.2025

அன்புள்ள கண்மணிக்கு,

கேட்டார். நாலாம் நாள் தெளிந்ததும், "கண்மணி எங்கடா?" என்றார். தான் சொன்னது எதுவும் அவருக்கு நினைவில்லை. உன்னைத் துரத்திவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கூப்பிட்டேன், அவதான் வரமாட்டேங்கிறா" என்று சொல்லிவிட்டேன். சாகும்வரை இரண்டு வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

உளறலில் இது வெளியே வருவதற்குள் நானே எழுதிவிட்டேன். வந்துவிடு அம்மா.

இருசப்பன்

உலு யாம்,
23.3.2025

அண்ணனுக்கு,

இருபதாம் தேதி வந்தேன். தூங்கிக்கொண்டிருந்தீர்கள். பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. நர்ஸ் உங்களை எழுப்பியபோது கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். பெயர், நாள், இடம் மூன்றையும் சரியாகச் சொன்னீர்கள். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

நான் அப்பாமேல் கோபப்பட்டே வருடங்களைக் கழித்தேன். அவர் என்மேல் வருத்தப்பட்டே போய்ச்சேர்ந்தார். குளிர் செய்தது மூன்று நாள் வேலைதான். மிச்சம் நீங்கள் செய்தது.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இனி எழுதவேண்டாம். உங்கள் வாசலை நான் மிதிக்கமாட்டேன். இதைச் சொல்லும்போது எனக்குக் காய்ச்சலும் இல்லை, குளிரும் இல்லை.

கண்மணி