பிரெஞ்சுக்குப் போன விளையாட்டுப் பாடம்

14.07.1986, திங்கள்

என்னைக் கேளாமலே பத்தாம் வகுப்புப் பெண்களின் விளையாட்டுப் பாடத்தைப் பள்ளி அதிபர் பிரெஞ்சு வகுப்புக்குக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை வட்டாரப் போட்டி. ஜெசிந்தா நானூறு மீற்றர் ஓட வேண்டும்.

"பிரான்சுக்குப் போற பெட்டையளுக்கு ஓட்டம் என்னத்துக்கு, ரீச்சர்?" என்றார் அதிபர்.

"ஜெசிந்தாவின்ரை தகப்பன் சாட்டிக் கடலிலை மீன் பிடிக்கிறவர், சேர். பிரான்சிலை ஆர் இருக்கினம் அவளைக் கூப்பிட?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. நேரே வகுப்புக்குள் போனேன்.

"ஜெசிந்தா, வெளியிலை வாரும்."

அவளோடு மற்றப் பதினொரு பேரும் எழும்பி வந்துவிட்டார்கள். மணி அடிக்கும்வரை ஓடினார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் ஓடினேன்.

அதிபருக்கு நாளை காலையில் மன்னிப்புக் கடிதம் வேண்டுமாம். கொடுக்க மாட்டேன். வேலை போவதென்றால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு போகட்டும்.