உன் கையில் கட்டிய காப்பு

அக்கா,

இன்று காலை பாகூர் ஆஸ்பத்திரிக் கொல்லையில் சமையல்காரி அரிசி களைந்து ஊற்றினாள். அந்த வெளுத்த தண்ணீர் மண்ணில் ஓடியதைப் பார்த்ததும் எனக்குக் குமட்டியது. வாந்திபேதி மறுபடியும் வந்திருக்கிறது. அன்று ஓயாத வேலையில் உன்னைப் பிடித்த அந்தக் கிறுக்கு இன்று என்னையும் பிடித்துவிட்டதோ என்று பயந்துபோனேன். அதனால்தான் இந்த மடல்.

முன்பு வாந்திபேதி வந்த அந்த ஆடியில் இந்தப் பக்கத்துக்கே நாம் இரண்டு நர்சுகள்தான். மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய் ஊசி போட்டோம், கிணறுகளில் மருந்து கலக்கினோம். மருந்து விழுந்த தண்ணீர் சிவந்துவிடும். ஒருநாள், ஏற்கெனவே சிவந்து கிடந்த கிணற்றில் நீ மறுபடி மருந்தைக் கொட்டினாய்.

"அக்கா, இதுக்குப் போட்டாச்சு."

"எவ போட்டது?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாய். போட்டது நீதான்.

கையைக் கழுவிக் கழுவி உனக்குத் தோல் உரிந்தது. கஞ்சியைத் தொடமாட்டாய். "எல்லாருக்கும் அரிசி கழுவுன தண்ணியாட்டம்தான்டி போவுது. அத்த எப்பிடிக் குடிக்கிறது?" என்பாய். வெள்ளைக்கார டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னதற்கு, "நான் படுத்துக்கினா அவுரு வந்து ஊசி போடுவாரா?" என்று கேட்டாய். உன் வாய்க்கு எதிரே யார் நிற்பது!

பிறகு குருவிநத்தத்தில், செத்துக் குளிர்ந்துபோன ஒரு பெண்ணின் கையைப் பிடித்து ஊசி ஏற்றப் போனாய். "வலிக்காதும்மா, கொஞ்சம் பொறு" என்று அவளிடம் பேசினாய். அவள் புருஷன் சுவரோரம் நின்று அழுதான். ஊசியை உன் கையிலிருந்து பிடுங்கினேன். இப்படியே விட்டால் நீ எனக்கு மிஞ்சமாட்டாய் என்று அப்போதுதான் உறைத்தது.

டாக்டர் சொல்லிக் கேட்காதவள், ஆத்தாள் சொன்னால் கேட்பாய். உன் ஊரான கரிக்கலாம்பாக்கத்தில் மறுநாள் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு. கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று உன்னை அங்கே அழைத்துப் போனேன். நான் முன்பே சொல்லிவைத்திருந்தபடி, பூசாரி உன் மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றைக் கட்டிவிட்டார். காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

நான் தனியே வண்டியேறியபோதுதான் உனக்கு விஷயம் புரிந்தது. எல்லைக்கல் வரை ஓடிவந்தாய். "அடிப்பாவி, இன்னாடி பண்ணிட்ட? ஜனங்க சாவுதுடி!" என்று கத்திக்கொண்டே கயிற்றைப் பிடித்து இழுத்தாய். அறுத்துவிடுவாயோ என்று எனக்கு உயிர் போய் வந்தது. நீ அறுக்கவில்லை. கல்லடியிலேயே உட்கார்ந்து, பச்சைப்பிள்ளை மாதிரி அழுதாய். அதுவரை நீ அழுது நான் பார்த்ததே இல்லை. ஒருத்தியாக அந்த ஊர்களுக்குப் போக எனக்கும் உதறல்தான். ஆனாலும் வண்டியைத் திருப்பச் சொல்லவில்லை.

திருவிழா முடிந்து வேலைக்கு வந்தாய். தூக்குச்சட்டியில் கொண்டுவந்த கஞ்சியை என் கண்ணெதிரே மடமடவென்று குடித்தாய். அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்தாய்.

"கண்ணு ரெண்டும் குழி வுழுந்து கெடக்குது. காப்ப அவுத்து ஆத்துல வுடாம எடுத்தாந்தேன். இப்ப ஒன் மொறடி. வூட்டுக்குப் போயித் தூங்கு" என்று அந்தக் கயிற்றை என் கையில் கட்டினாய்.

நீ போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. கயிறு என் பெட்டியில் இருக்கிறது. மஞ்சள் கிழங்கு சுருங்கிவிட்டாலும் வாசம் இன்னும் போகவில்லை. இன்று அதை எடுத்து நானே கட்டிக்கொள்ளப் பார்த்தேன். ஒற்றைக் கையால் முடிச்சுப் போட வரவில்லை, அக்கா. கூட வேலை செய்யும் நர்சைக் கூப்பிட்டுக் கையை நீட்டினேன்.

"இன்னாக்கா இது?"

"மொதல்ல கட்டுடி. கட்டிட்டு வண்டிக்காரருகிட்ட சொல்லு, நாளைக்கு நான் வரலன்னு."