காய்ந்து கிடந்த பலகை

சித்திரை, செவ்வாய் இரவு.

இந்த சீசனோடு உப்பள வேலையை விட்டுவிடுகிறேன் என்று இன்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். சர்க்கரையால் கால் புண் ஆறவில்லை. உப்புத் தண்ணீரில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தபால் ஆபீஸ் சேமிப்பு கொஞ்சம் இருக்கிறது. சின்ன மகள் காலேஜ் முடிக்கும்வரை என் பெண்டாட்டி செல்வி மட்டும் தினக்கூலிக்குப் போகட்டும். ஒரு மாதமாக யோசித்து நான் எடுத்த முடிவு இது.

முதலாளி சிரித்தார். "ஏம்பா, நீ பொங்கலுக்கே நின்னுட்டியே! உன் பலகையைப் பாரு, காஞ்சு கிடக்குது. உன் பங்கையும் உன் பொண்டாட்டிதான வாருறா?"

தினமும் உப்பு வாரும் பலகையில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். செல்வியின் பலகையில் பூத்திருந்தது.

எங்கள் அளத்தில் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து வந்தால்தான் உப்பு வாரப் பாத்தி கொடுப்பார்கள். அதற்காகத்தான் தினமும் கூடவே போய்க் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

"அவரு சும்மா சொல்றாருங்க. ரெண்டு பேருமே வர்றோம்," என்று முதலாளியிடம் சொன்னாள் செல்வி. பாத்தியைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு.

தூங்கப் போகுமுன் என் புண்ணுக்குக் களிம்பு தடவினாள். அவள் உள்ளங்கை மரப்பட்டை மாதிரி உரசியது. நீ எப்போது நிற்கப் போகிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள்.

பேனா பிடித்திருக்கும் என் கையைப் பார்க்கிறேன். காய்ப்பெல்லாம் உதிர்ந்து மெத்தென்று இருக்கிறது.