ஒன்றரை வந்தால் எடுத்துவிட வேண்டும்

செப்டம்பர் 3, புதன்

இன்றும் லாபம், 25 ரூபாய். மூன்று வாரத்தில் மொத்தம் 625. வேலைக்குப் போக ஊர்கா ஸ்டேஷனில் ரயில் ஏறி வைட்ஃபீல்டில் இறங்கும்வரை ஒன்றரை மணி நேரம். மற்றவர்கள் ரீல்ஸ் பார்க்கிறார்கள், நான் விமான ஆட்டம் ஆடுகிறேன். பணத்தைக் கட்டினால் திரையில் ஒரு குட்டி விமானம் கிளம்பும். அது ஏற ஏறக் கட்டிய பணம் ஒன்றே கால், ஒன்றரை, இரண்டு மடங்கு என்று ஏறும். வெடிப்பதற்குள் பட்டனை அழுத்திப் பணத்தை எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

என் சட்டம்: ஒரு ஆட்டத்துக்கு 50, ஒரு நாளைக்கு 100, ஒன்றரை வந்தால் எடுத்துவிட வேண்டும். வீட்டுச் செலவையே கவர் போட்டுப் பிரித்து வைப்பவள் நான். ஊரில் நாலு பேர் இதில் அழிந்தார்கள் என்றால் அவர்களுக்குக் கணக்கு தெரியாது என்று அர்த்தம். போன மாதம் இந்த மாதிரி ஆப்களை மூடச் சொல்லிச் சட்டம் வந்தது. இது ஏதோ லிங்க் வழியாக வந்தது, இன்னும் ஓடுகிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

எங்கள் ரயில் பெட்டியில் வருடா வருடம் ஆயுத பூஜை உண்டு. வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, பேண்டு வைத்து அமர்க்களப்படுத்துவோம். வசூல் இந்தத் தடவை என் பொறுப்பு. எத்திராஜ் அண்ணன்தான் சொன்னார், ஃபேக்டரி எலக்ட்ரீஷியன், எங்கள் பெட்டிக்குத் தலைவர் மாதிரி. "ஜூடித் கையில இருந்தா ஒரு ரூபா நகராதுப்பா."

மாதா கோயிலுக்குப் போகிறவளிடம் சாமி காசைக் கொடுக்கிறார்கள், பெருமையாகத்தான் இருக்கிறது. நாற்பத்தாறு பேர், தலைக்கு 200. எல்லாரும் என் போனுக்கே அனுப்பிவிட்டார்கள். 9,200.

செப்டம்பர் 11, வியாழன்

ஒன்றரையில் எடுத்தேன். விமானம் முப்பத்தெட்டு மடங்கு வரை போனது. 1,900 வந்திருக்கும்.

ஜெயித்திருக்கிறேன். ஆனால் வயிறு எரிகிறது. தோற்ற அன்றுகூட இப்படி இல்லை. ஏன்?

செப்டம்பர் 12, வெள்ளி

இரண்டு மடங்கு வரை விட்டுப் பார்த்தேன். வந்தது.

செப்டம்பர் 17, புதன்

டேக்கல் தாண்டினால் சிக்னல் போகும். பதினோரு வருடமாகத் தெரியும். தெரிந்தும் ஐந்நூறு கட்டினேன்.

ஒன்று புள்ளி எட்டு மடங்கில் அழுத்தினேன். அழுத்தினேன் – சத்தியமா அழுத்துனேன். வட்டம் சுத்திக்கினே இருக்குது. மாலூர்ல சிக்னல் வந்தா போச்சுன்னு காட்டுது. என் துட்டு அது. நான் எடுத்துட்டேன்ல? யாருகிட்ட போய்ச் சொல்றது? விடுவேனா நான்? திரும்பக் கட்டுனேன். திரும்ப. நாலு தடவை கீழேயே வெடிச்சா அஞ்சாவது பெருசா வரணும்ல?

வைட்ஃபீல்டில் இறங்கும்போது பார்த்தேன். என் காசு எப்போதோ தீர்ந்திருந்தது. பூஜைப் பணத்தில் 4,300 இல்லை.

செப்டம்பர் 18, வியாழன்

நான் பணம் வாங்கிப் போடும் ஆஸ்பத்திரி கவுண்டரில் இன்று இரண்டு தடவை சில்லறை தப்பாகக் கொடுத்தேன். எனக்கா இது?

செப்டம்பர் 19, வெள்ளி

மதியம் உட்கார்ந்து திட்டம் போட்டேன். மீதி 4,900. ஆட்டத்துக்கு நூறு மட்டும், ஒன்றரையில் எடுத்துவிட வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று தோல்வியோடு நிறுத்த வேண்டும், பூஜைக்குள் எல்லாம் திரும்பிவிடும். கோடு போட்டு, சிவப்பு மையில் தலைப்பெல்லாம் எழுதினேன்.

எழுதி முடித்தபிறகுதான் பயம் வந்தது. சட்டம் போட்டவள் நான். அதை மீற எனக்கு அனுமதி கொடுத்தவளும் நான். சூப்பர்வைசரும் நானே, வேலைக்காரியும் நானே, அப்புறம் யார் யாரைக் கேட்பது? மூன்று வாரம் ஒழுங்காக இருந்தது கட்டுப்பாடே இல்லை, ஜெயித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஜெயிக்கும்போது யாரும் ஒழுங்காக இருப்பார்கள்.

தாளைக் கிழித்துவிட்டேன். ஆப்பையும் எடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வரும் வழியில் என் வீட்டுக்காரர் தாஸிடம் சொன்னேன். வண்டியை ஓரம் கட்டினார். திட்டுவார் என்று பார்த்தால், "எவ்ளோ நாளா?" என்று மட்டும் கேட்டார். கையில் இருந்தால் கொடுத்திருப்பார், இந்த மாதம் காரின் இன்ஷூரன்ஸ் கட்டியாகிவிட்டது. "கடன் வாங்கிப் போட்டு மூடிடாத. அவுங்ககிட்ட சொல்லிடு. மூடுனா நீ திரும்பவும் ஆடுவே."

கோபம் வந்தது. சரியாகச் சொல்லிவிட்டாரே என்ற கோபம்.

செப்டம்பர் 22, திங்கள்

சொல்லிவிட்டேன். பங்காரப்பேட்டை தாண்டியதும் எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

பின் சீட்டில் ஒருத்தர், "இதுக்குத்தான் ரொக்கமா வைக்கணும்கறது" என்றார். எத்திராஜ் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், மாலூர் வரை என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்த அரை மணி நேரம் 4,300 ரூபாயைவிடப் பெரியது.

பக்கத்தில் இருந்த பாஞ்சாலி, கார்மென்ட்ஸில் தைப்பவள், என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "ஜூடிக்கா, எங்க வூட்டுக்காரரு இருபதாயிரம் வுட்டாரு. இன்னிக்கு வரைக்கும் அவரு வாயால சொல்லல. பேங்க் மெசேஜ்ல பார்த்துத்தான் எனக்குத் தெரியும்."

வைட்ஃபீல்ட் வரும்போது எத்திராஜ் அண்ணன் எழுந்தார். "மீதியை என்கிட்ட அனுப்பிடு. போனதை மாசம் ஆயிரத்தஞ்ஞூறா குடு. பேண்டு வேணாம், போ."

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை லீவு என்பதால் இன்றே பூஜை. பேண்டு இல்லாமல் முடிந்தது. பாஞ்சாலி கத்தரிக்கோலை வைத்தாள், அண்ணன் டெஸ்டரை வைத்தார். பொரியும் சுண்டலும் பொட்டலம் கட்டும் வேலை எனக்கு. நாற்பத்தாறு பேருக்கும் என் கையாலேயே கொடுத்தேன். இரண்டு பேர் வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் பார்த்தார்கள்.

சம்பளம் வந்தது. முதல் தவணை 1,500 கொடுத்தாயிற்று.

அக்டோபர் 16, வியாழன்

கை இன்னும் போனைத் தேடுகிறது. டேக்கல் வந்தால் அதிகம். இன்று பாஞ்சாலியிடம் சொன்னேன். ஒரு ஜாக்கெட்டைக் கொடுத்து ஹூக் தைக்கச் சொன்னாள். ஆறில் நான்கு கோணல். பிரித்துவிட்டு, "நாளைக்கு வேற தரேன்" என்றாள்.

நவம்பர் 29, சனி

கடைசித் தவணை 1,300. முடிந்தது.

டிசம்பர் 8, திங்கள்

பெட்டியில் கிறிஸ்துமஸ் கேக்குக்கு வசூல் ஆரம்பம். எத்திராஜ் அண்ணன் ஒரு நோட்டுப் புத்தகத்தை என் மடியில் வைத்தார். "பேரை நீ எழுதும்மா. துட்டு என்கிட்ட இருக்கட்டும்."

முன்பு என்றால் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டிருப்பேன். இன்று அப்படி இல்லை, உள்ளுக்குள் நிம்மதியாகவே இருந்தது. முதல் பெயராக என் பெயரை எழுதி, பத்து ரூபாய் நோட்டு ஐந்தை எடுத்துக் கொடுத்தேன்.

அண்ணன் என் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, "சரியா இருக்குது, டிக் போட்டுக்கோ" என்றார். போட்டுக்கொண்டு அடுத்த சீட்டுக்குப் போனேன்.